வாசனைச் சரக்குகள்: வாங்கலும் பேணலும்



கண்டி மாநகரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுவீதி எங்கள் மஹய்யாவ வழியாகவே செல்கின்றது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று அவ்வீதி வடக்கே நீள நீள, இரு மருங்கிலும் மிளகுக் கொடியும் கராம்பு மரமும் சாதிக்காய் மரமும் கோப்பிச் செடியும் பலாவும் ஒன்றோடொன்று கலந்து வளரும் வீட்டுத் தோட்டங்களைக் காணலாம். இத்துணை வளத்தின் நடுவே வாழும் நமக்கு நல்ல சரக்கு வாங்குவது எப்படி என்று வானொலியில் ஒருவர் எடுத்துரைக்க வேண்டுமோ என நேயர்களுட் சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதே என் எண்ணம். மரம் அயலில் நிற்பது ஒன்று. அதன் பயன் பழுதின்றி நம் அடுக்களையை வந்தடைவது வேறொன்று. தோட்டக்காரன், ஊரூராகச் சேர்ப்பவன், மொத்த வியாபாரி, அரைக்கும் ஆலைக்காரன், பொதி செய்பவன், கடைக்காரன் என்று பல கைகள் மாறியே ஒரு சிட்டிகைத் தூள் நம் சட்டியில் விழுகின்றது.

அயலில் விளையும் பொருளை நாம் அலட்சியம் செய்வதும் புதிதன்று. 1660 ஆம் ஆண்டு முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட தமது நூலில், இந்நாட்டுக் காடுகளிற் கறுவா மரம் தானே வளர்வதையும், ஊரார் அதனை மற்றை மரங்களிலும் மேலாக மதியாதிருந்ததையும் குறித்துள்ளார். அதே மரத்தின் பட்டைக்காக ஐரோப்பியர் கடல் கடந்து வந்து ஒருவரோடொருவர் பொருதினர் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர்.

சரக்கின் தரம் என்றால் என்ன என்பதை முதலில் நோக்குவோம். மணம் என்பது சரக்கின் உள்ளறைகளிற் பொதிந்து கிடக்கும் எண்ணெய். அந்த எண்ணெய் எளிதில் ஆவியாகும் இயல்புடையது. மிளகு முழு மணியாய் இருக்கும்வரை அதன் தோலே அதற்கு மூடி. ஏலத்திற்கு அதன் கோது மூடி. அரைத்த மாத்திரத்தில் அந்த மூடி உடைகின்றது. காற்றுப் படும் பரப்பும் பன்மடங்காகின்றது. ஆகவேதான் முழுச் சரக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் மணம் காக்க, தூள் ஆறு மாதத்திற்குள் அதனை இழந்துவிடுகின்றது.

இங்கே பலர் ஏமாறும் ஓரிடம் உண்டு. மிளகின் காரத்திற்குக் காரணமான பொருளும் மிளகாயின் உறைப்பிற்குக் காரணமான பொருளும் எளிதில் ஆவியாவன அல்ல. மணம் முழுவதும் பறந்துபோன பழைய மிளகுத்தூளும் நாவிற் பட்டால் உறைக்கவே செய்யும். உறைப்பை மட்டும் கொண்டு தூள் நல்லது என்று தீர்மானிப்போர் பழஞ்சரக்கைப் புதுவிலைக்கு வாங்குகின்றனர். நாவிற்கு முன்னர் மூக்கைக் கேட்க வேண்டும். சிறிது எடுத்து உள்ளங்கையில் இட்டுத் தேய்த்து முகர்ந்தால் ஒரு கணத்தில் உண்மை தெரிந்துவிடும். அதற்கு இடங்கொடாத கடையில் நான் வாங்குவதில்லை.

தூளில் இழப்பது மணம் மாத்திரமாயின் இப்பேச்சுக்கு இத்துணை அவசியம் இராது. அண்மையில் நிகழ்ந்ததொன்றைக் கேளுங்கள். 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட, கறுவாத்தூள் சேர்ந்த அப்பிள் கூழினால் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. ஆய்ந்தபோது குற்றம் கறுவாத்தூளில் இருந்தது. அத்தூள் தென் அமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டில் அரைக்கப்பட்டது. அதற்கான கறுவாப்பட்டை எங்கிருந்து சென்றது தெரியுமா? நமது இலங்கையிலிருந்து. அரைக்கப்படாத பட்டையை அந்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது அதில் ஈயம் இருக்கவில்லை. தூளில் ஈயத்தோடு குரோமியமும் காணப்பட்டமையால், நிறமும் எடையும் கூட்டும் பொருட்டு ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சட் சாயப்பொருள் கலக்கப்பட்டது என்பதே ஆராய்ந்தோர் ஐயம். பட்டையாய்ப் புறப்பட்டபோது தூயதாய் இருந்தது, தூளாய் மாறிய இடத்தில் நஞ்சாயிற்று. குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்பட்டிலது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இதே சாயம் மஞ்சளிலும் புகுந்த கதை நமக்கு இன்னும் அண்மையிலுள்ள வங்காளதேசத்தினுடையது. விரலி மஞ்சள் பளிச்சென்று தோன்ற வேண்டுமென்று அதனை மெருகிடும்போது இச்சாயத்தைத் தூவும் வழக்கம் அங்கு நெடுங்காலம் இருந்து வந்தது. 2019 ஆம் ஆண்டில் ஆய்வாளர் இதனை வெளிப்படுத்தினர். அரசாங்கம் சந்தைகளிற் சோதனை நடத்தித் தண்டமும் விதித்தது. இரண்டே ஆண்டுகளில் அக்கலப்படம் சந்தையிலிருந்து ஏறக்குறைய ஒழிந்தது. திருத்த முடியாத குற்றமன்று இது என்பதற்காகவே இதனைச் சொல்லுகின்றேன்.

நமது நாட்டு மஞ்சளின் கதையையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. உள்ளூர் விளைச்சலோ தேவைக்குப் போதாது. 2020 இல் விலை பன்மடங்கு ஏறியது. மன்னார்க் கடலிலும் கற்பிட்டிக் கரையிலும் கடத்தல் மஞ்சள் மூட்டை மூட்டையாய்ப் பிடிபட்டது. பொன்னைக் கடத்துவதுபோல மஞ்சளைக் கடத்திய காலம் அது. விலை ஏறிய பொருளில் மா கலப்பது வியாபாரத்தின் பழைய நோய். மா கலந்த தூளும் அக்காலத்தில் மஞ்சள் என்ற பெயரில் விற்கப்பட்டது.

மஞ்சளில் மா கலந்திருக்கின்றதா என அறிய அயடீன் துளி விட்டுப் பாருங்கள், நீலமானால் கலப்படம் என்று சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. இது பிழை. மஞ்சள் ஒரு கிழங்கு. அதனுள் இயல்பாகவே மாப்பொருள் உண்டு. தூய மஞ்சளும் நீலங்காட்டும். இதனிலும் நம்பத்தக்கது எளிய நீர்ச் சோதனை. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி தூளை இட்டுக் கலக்காது சிறிது நேரம் விடுக. நல்ல தூள் அடியிற் படிய, நீர் மெல்லிய மஞ்சளாய் நிற்கும். நீர் முழுவதும் கடும் மஞ்சளாய் மாறின் சாயம் உண்டென்று ஐயுறலாம். விரலி மஞ்சளையும் அவ்வாறே நீரில் இட்டுப் பார்க்கலாம். உடனே நிறங்கழலுவதை வாங்கற்க. அளவுக்கு மிஞ்சிப் பளபளக்கும் விரலியை விட்டு, சற்று மங்கலாய், மண்ணிறம் படர்ந்து, முறித்தால் உள்ளே செம்மஞ்சளாய் இருப்பதைத் தெரிவு செய்வதே அறிவுடைமை.

மிளகாய்த்தூளையும் நீரிலிட்டு ஆராயலாம். செங்கற்பொடி முதலியன அடியில் தங்கி விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும். நீரில் கரையும் சாயமாயின் கோடு கோடாக இறங்கும். ஆனால் இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. 2003 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மிளகாய்த்தூளிற் கண்டுபிடிக்கப்பட்டதும், 2005 இல் பிரித்தானியக் கடைகளிலிருந்து நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்களைத் திரும்பப் பெறச் செய்ததுமான சூடான் சாயம் எண்ணெயிற் கரைவது; நீரிற் கரையாது. குவளை நீர் அதனைக் காட்டித்தராது. ஆதலின் எல்லாச் சோதனைகளிலும் மேலான சோதனை ஒன்றே: முழுச் சரக்காய் வாங்கி நம் கண்முன் அரைப்பித்தல்.

இதனைச் சொல்வது எளிது. பாடசாலைகளில் மதிய உணவு சமைத்துத் தரும் தாய்மாருக்குப் பிள்ளைக்கு இத்தனை ரூபா என்று அளந்தே பணம் கிடைக்கின்றது. அவர்களுள் ஒருவரிடம், "அம்மா, தூளைப் பக்கற்றில் வாங்காமல் மல்லியும் மிளகாயும் வாங்கி அரைத்தால் என்ன?" என்று நான் வினவியதுண்டு. "சேர், கையில் இருக்கிற காசுக்கு ஐம்பது கிராம் பக்கற்தான் சரிவரும். ஒரு கிலோவுக்கு எங்கே போவது?" என்றார் அவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. அன்றாடக் கூலிக்கு வேலை செய்வோர் நிறைந்த எங்கள் சுற்றாடலில், மாலையிற் கிடைத்த பணத்தில் மாலைக்கான சரக்கை வாங்கும் குடும்பங்கள் பல. ஐம்பது கிராமின் விலையை இருபதாற் பெருக்கிப் பாருங்கள்; அதனை ஒரு கிலோகிராம் விலையோடு ஒப்பிடுங்கள். சிறுகச் சிறுக வாங்குபவரே கூடுதல் விலை கொடுக்கின்றார். அவருக்கே தரங்குறைந்த தூளும் வாய்க்கின்றது.

இதற்கு நான் கண்ட வழி கூட்டு முயற்சி. நான்கைந்து வீட்டார் சேர்ந்து, மாதத்தின் முதல் வாரத்தில், ஆளுக்கொரு பங்கு பணமிட்டுச் செத்தல் மிளகாய், கொத்தமல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, மஞ்சள் ஆகியவற்றை மொத்தக் கடையில் வாங்கி, ஆலையில் ஒன்றாய் அரைப்பித்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்கள் அயலிற் சில குடும்பத்தார் இவ்வாறு செய்து வருகின்றனர். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த பெண்களுக்கு இது பெரிய காரியமன்று.

ஆலைக்குக் கொண்டு செல்வோர் சில நுட்பங்களை அறிந்திருத்தல் நன்று. சரக்கு நன்றாய்க் காய்ந்திருக்க வேண்டும். மழை விடாத நாட்களில், சோறு வடித்து இறக்கிய பின்னர்த் தணலின் இளஞ்சூட்டில் வெறுஞ்சட்டியில் இட்டுப் புரட்டி ஈரத்தைப் போக்கலாம். நிறம் மாறும்வரை வறுப்பது வேறு, அது இறைச்சிக் கறிக்குரிய வறுத்த தூளுக்கு உரியது. உங்களுக்கு முன்னர் அரைத்தவர் என்ன அரைத்தார் என்று கேளுங்கள். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் அவர் சரக்கு உங்கள் முதற்பிடியோடு வரும். அந்த முதற்பிடியை வேறாக எடுத்துவைப்பது வழக்கம். அரைத்து வரும் தூள் சுடச்சுட இருக்கும். அதனை அப்படியே போத்தலில் அடைத்தால் உள்ளே நீராவி வியர்த்து, ஒரு கிழமையிற் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் தூய தாளில் பரப்பி, முற்றாய் ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். பொறுமையின்மையாற் கெடும் தூள் கலப்படத்தாற் கெடுவதிலும் குறைந்ததன்று.

இனி, முழுச் சரக்கைத் தெரிவு செய்வதெப்படி? ஒவ்வொரு சரக்கும் செடியின் எந்த உறுப்பு என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டுமென்பதும் தெரிந்துவிடும். 1821 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்காவில் வாசனைச் சரக்குத் தோட்டம் ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகளை அழைத்துச் சென்றால், கராம்பு என்பது விரியாத பூமொட்டு என்று கேட்டு வியக்காத பிள்ளை இல்லை. மொட்டாயின் தலை இருக்க வேண்டுமன்றோ? தலை உதிர்ந்த வெறுங்காம்பு மலிந்த கராம்பை வாங்கலாகாது. நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். நீரிலிட்டால் நல்ல கராம்பு நிமிர்ந்து நிற்கும் அல்லது அமிழும். எண்ணெய் வடித்தெடுக்கப்பட்ட சக்கை படுத்தபடி மிதக்கும். ஏலம் கோது மூடியபடி, பச்சை மாறாது, உள்ளே விதை கறுத்துப் பிசுபிசுப்பாய் இருத்தல் வேண்டும். சாதிக்காய் கைக்குக் கனக்க வேண்டும். துளை இருந்தால் வண்டு குடியிருக்கின்றது என்பது பொருள். அதனை மூடிய செந்நிற வலையாகிய சாதிபத்திரியைத்தான் நாம் வசவாசி என்கின்றோம்.

மிளகைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லலாம். கண்டி, மாத்தளைப் பகுதிகளின் செல்வம் அதுவே. முற்றாத மிளகு உள்ளே சதைப்பற்றின்றிப் பொக்காய் இருக்கும். உலக வணிகத்தில் மிளகின் தரத்தை ஒரு லீற்றர்க் கொள்கலனில் எத்தனை கிராம் அடங்குகின்றது என்று அளந்தே மதிக்கின்றனர்; 500 கிராம், 550 கிராம் என்றெல்லாம் பேசப்படுவது அதுவே. நாமும் ஒரே கிண்ணத்தால் இரு கடை மிளகை அளந்து நிறுத்துப் பார்த்தால் எது முற்றியது என்று விளங்கும். பப்பாசி விதை கலக்கப்பட்டிருப்பின் நீரிலிடும்போது அது மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும் ஆகையால், மிதப்பவற்றை எடுத்து நசுக்கி முகர்ந்து பாருங்கள். பப்பாசி விதைக்கு மிளகின் மணம் இராது.

கறுவாவைத் தெரிவு செய்தல் எளிது. நமது கறுவாவின் பட்டை தாள்போல மெல்லியது. பல சுருள்கள் ஒன்றினுள் ஒன்றாய் அடங்கிச் சுருட்டுப்போலத் தோன்றும். கையால் ஒடித்தால் நொறுங்கும். சீனம் முதலிய நாடுகளிலிருந்து உலகச் சந்தைக்கு வரும் கசியா என்னும் பட்டையோ தடித்தது, ஒற்றைப் பட்டை இருபுறமும் சுருண்டு ஓலைச்சுருள்போல இருக்கும், எளிதில் ஒடியாது. கசியாவில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்கு ஊறு செய்யும். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமே ஏற்கத்தக்கதென ஐரோப்பிய அறிஞர் வரையறுத்துள்ளனர். நமது கறுவாவில் அது மிகச் சொற்பம். 2022 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவிற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. தூளாக்கிவிட்டால் இரண்டையும் கண்ணால் வேறுபடுத்தவியலாது; வெளிநாடுகளில் வாழும் உறவினருக்கு அனுப்புவோர் பட்டையாகவே அனுப்புக.

மாத்தளை வீதியோரத்துச் சரக்குத் தோட்டங்களைக் குறித்தும் ஒரு சொல். உல்லாசப் பயணிகளுக்கென அமைந்தவை அவை. செடிகளைக் காண்பதற்கு நல்ல இடங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். மாதச் சரக்கை வாங்குவதற்கு ஏற்ற இடம் நகரத்துச் சந்தையே.

செத்தல் மிளகாயே வீட்டிற்கு வீடு மிகுதியாகச் செலவாவது. மிகுதியாகக் கெடுவதும் அதுவே. எடை கூட்டுவதற்காக நீர் தெளிக்கப்பட்ட மிளகாய் கைக்குத் துவளும். குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். காம்படியில் வெண்மையாகவோ கருமையாகவோ பூத்திருப்பதை ஒருபோதும் வாங்கலாகாது. "கழுவி வெயிலிற் காயவைத்தால் சரி" என்பார் உண்டு. சரியாகாது. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணந் தெரியாது மடிந்தன. அவற்றின் தீனியிலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் எனப் பின்னர்க் கண்டனர். அப்ளரொட்சின் எனப்படும் அந்நஞ்சு ஈரம் பட்ட மிளகாயிலும் உண்டாகும். பூஞ்சணத்தைத் துடைத்தாலும் நஞ்சு தங்கிவிடும். நமது சமையற் சூட்டுக்கு அது அழியாது. நாட்பட உண்டால் ஈரலிற் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். காசு கொடுத்து வாங்கியதை வீசுவது ஏழை வீட்டுக்குக் கொடுமைதான். ஆயினும் வீசத்தான் வேண்டும். பூத்த மிளகாயைத் தூளாக்கி விற்போரும் உண்டென்பதை எண்ணினால், முழு மிளகாய் வாங்குவதன் நன்மை இன்னும் தெளிவாகும்.

இத்தகைய ஐயம் எழுந்தால் வாளாவிருத்தல் ஆகாது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைகளிலிருந்து மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் உடையவர். பொதி செய்தவர் பெயர், முகவரி, திகதி, நிறை ஆகியவை அச்சிட்ட பக்கற்றாயின் முறைப்பாட்டுக்கு ஆதாரம் இருக்கும். சாக்கிலிருந்து அள்ளித் தரும் பெயரற்ற தூளுக்கு அது இராது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

பேணுதலுக்கு வருவோம். கண்டி மலைகளால் வளைக்கப்பட்ட ஊர். தென்மேற்குப் பருவமழையும் பெறும், வடகிழக்கு மழையும் பெறும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் சுவரே வியர்க்கும். யாழ்ப்பாணத்து உறவினர் பானையில் வைத்துக் காக்கும் தூளை இங்கே அவ்வாறு காத்தல் இயலாது. சூடு, வெளிச்சம், காற்று, ஈரம் என்னும் நான்கும் சரக்கின் பகை. நம்மவர் சரக்குத் தட்டை அடுப்புக்கு மேலேயே அமைத்து நான்கிலே மூன்றை ஒருங்கே அழைக்கின்றனர். அடுப்பினின்று எட்டி, வெயில் படாத மூலையில், வெளிச்சுவரைத் தொடாதபடி தட்டை அமையுங்கள். இறுக மூடும் கண்ணாடிப் போத்தல் நன்று. வெறுமையான பால்மாத் தகரமும் போதும். மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் வெளிறும் ஆகையால் அதனைத் தகரத்தில் இடுக. கடையிற் கொடுத்த மெல்லிய பொலித்தீன் பையில் அப்படியே வைத்திருப்பது பாதி மணத்தைக் காற்றுக்குத் தானம் செய்வதாகும்.

அஞ்சறைப் பெட்டி அழகியதுதான். ஆனால் அதன் அறைகளுக்குத் தனி மூடி இல்லை. ஒரு கிழமைக்குரியதை மாத்திரம் அதில் இட்டு, எஞ்சியதைப் போத்தலில் வையுங்கள். கொதிக்கும் சட்டியின் மேலே போத்தலைக் கவிழ்த்துத் தட்டும் வழக்கத்தை விடுங்கள். ஆவி உள்ளே புகுந்துவிடும். ஈரக்கரண்டி கூடவே கூடாது. வாங்கிய திகதியை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் முந்தியதை முந்திச் செலவிடலாம். குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் மிளகாய்த்தூளை அதனுள் வைக்கலாம். எடுத்தவுடன் திறவாது, வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும், இல்லையேல் உள்ளே பனி நீர் படியும். மல்லியிலும் மஞ்சளிலும் சிறு வண்டு காணின், உறைநிலை அறையில் நாலைந்து நாள் வைத்தால் அது மடியும். அப்பால் வெயிலிற் காயவைத்துச் சுளகிற் புடைத்து எடுக்கலாம். ஏலத்தையும் கராம்பையும் கடும் வெயிலில் இடலாகாது, நிழலில் உலர்த்துக.

பச்சிலைகள் வேறு இனம். கறிவேப்பிலையைக் கழுவி வைப்பதால் அது விரைவில் கறுக்கும். கழுவாது, காய்ந்த துணியிற் சுற்றி வைத்து, வேண்டும்போது கழுவுக. கொத்தமல்லித் தழையையும் புதினாவையும் காம்பு நீரில் நிற்கும்படி குவளையில் வைத்தால் சில நாள் வாடா. ரம்பை இலையின் மணத்திற்குக் காரணமான பொருளே பாசுமதி அரிசியின் மணத்திற்கும் காரணம் என்பது வியப்பான செய்தி. சாதாரண அரிசியில் ஒரு துண்டு ரம்பை இட்டவுடன் அடுப்படி விருந்து வீடாவது அதனாலேயே. ரம்பையைக் காயவைத்தால் அம்மணம் போய்விடும், பச்சையாகவே வேண்டும். உடைந்த வாளி ஒன்றில் மண்ணிட்டு ஒரு கன்றை நட்டு, தண்ணீர்க் குழாயடியில் வைத்துவிட்டால், கொல்லையற்ற வீட்டுக்கும் ரம்பையை விலை கொடுத்து வாங்கும் தேவை இராது. கறிவேப்பிலைக்கு இதனிலும் சற்றுப் பெரிய வாளியும் நல்ல வெயிலும் வேண்டும்.